விசாரணை மடல் ஏன் ஸ்பேமில் விழுகிறது?

மதுரை தெற்கு மாசி வீதியில் சுங்குடிச் சேலைகளை மொத்தமாக விற்றுவரும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "வாடிக்கையாளர் விசாரிப்பதற்கென்று எங்கள் இணையதளத்தில் ஒரு படிவம் வைத்திருக்கிறோம். அதில் வரும் மடல்கள் ஸ்பேமில் போய் விழுகின்றன. பத்து நாள் கழித்துத்தான் கண்ணில் படுகின்றன. நாங்கள் அனுப்பும் விலைப்பட்டியலும் பலருக்குப் போய்ச் சேருவதில்லை. என்ன செய்வது?"

மின்னஞ்சலைக் கொண்டுசெல்லும் எஸ்எம்டிபி நெறிமுறை 1982-இல் வகுக்கப்பட்டது. 'அனுப்புநர்' என்ற இடத்தில் யார் பெயரை எழுதினாலும் அதைச் சரிபார்க்கும் ஏற்பாடு அதில் இல்லை. அந்தக் குறையைப் பின்னால் வந்த மூன்று ஏற்பாடுகள் அடைத்தன. முதலாவது எஸ்பிஎஃப்: எந்தெந்த சர்வர்கள் தன் பெயரில் மடல் அனுப்பலாம் என்று டொமைனின் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) உரிமையாளர், இணையத்தின் பொதுப் பெயர்ப் பதிவேடான டிஎன்எஸ்-இல் எழுதிவைக்கும் பட்டியல். என்னை வியக்க வைப்பது, மடலுக்கு ஒரு கணித முத்திரை இடும் இரண்டாவதான டிகேஐஎம்.

பழைய செப்பேடுகளை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் இரு முனைகளும் சேரும் இடத்தில் அரச முத்திரையைப் பதித்தார்கள். முத்திரையைக் குலைக்காமல் நடுவே ஓர் ஏட்டை மாற்றிவைக்க முடியாது. ஆனால் ஏட்டில் உள்ள எழுத்தை யாரேனும் வெட்டித் திருத்தினால் அந்த முத்திரைக்குத் தெரியாது. டிகேஐஎம் முத்திரைக்கு அதுவும் தெரியும்.

விலைப்பட்டியல் கிளம்பும்போது, சர்வர் மடலின் உடற்பகுதியை எஸ்எச்ஏ-256 என்னும் கணக்கில் இட்டு, 256 பிட் நீளமுள்ள ஒரு சாற்றைப் பிழிந்தெடுக்கிறது. நான்கு வரி மடலானாலும் நாற்பது பக்க மடலானாலும் சாற்றின் அளவு அதேதான். 'சேலை ஒன்று 850 ரூபாய்' என்பதில் 8-ஐ மட்டும் 3 ஆக்கினால், அந்த 256 பிட்களில் ஏறத்தாழப் பாதி புரண்டுவிடும். இந்தச் சாற்றையும் அனுப்புநர், பொருள் முதலான தலைப்பு வரிகளையும் சேர்த்து, சர்வர் தன்னிடம் மட்டுமே உள்ள ரகசியச் சாவியால் கையொப்பமிட்டு அனுப்புகிறது. அதற்கு இணையான பொதுச் சாவி டிஎன்எஸ்-இல் எல்லோரும் படிக்கும்படி இருக்கிறது. பெறும் சர்வர் அதை எடுத்துக் கையொப்பத்தைச் சோதிக்கிறது. ஆர்எஸ்ஏ என்னும் முறையில் அமைந்த 2048 பிட் சாவியின் நடுவே இருப்பது, இரண்டு பகா எண்களைப் பெருக்கிக் கிடைத்த ஏறத்தாழ 617 இலக்க எண். பெருக்குவது கணினிக்கு நொடிப்பொழுது வேலை; பெருக்குத்தொகையை மட்டும் வைத்துக்கொண்டு அந்த இரு எண்களைப் பிரித்தெடுப்பது இன்றைய கணினிகளுக்கு நடைமுறையில் இயலாது. ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் ஆகிய மூவர் 1977-இல் இந்த முறையைக் கண்டார்கள். பகா எண் ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள், நம் கணிதத் துறைகளுக்கு நிதி ஒதுக்கும்போது இதை நினைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

வாசகரின் படிவத்துக்கு வருவோம். இணையதளம் எழுதிக்கொடுப்பவர்கள் பலர், பதில் எழுத எளிதாக இருக்கட்டும் என்று, படிவத்தை நிரப்பியவரின் ஜிமெயில் முகவரியையே அனுப்புநராக இட்டுவிடுகிறார்கள். கடையின் சர்வரிடம் ஜிமெயிலின் ரகசியச் சாவி ஏது? அனுப்புநராகக் காட்டப்படும் டொமைனும், முத்திரையிட்ட டொமைனோ எஸ்பிஎஃப்-இல் தேறிய டொமைனோ பொருந்துகின்றனவா என்று பார்ப்பதுதான் மூன்றாவது ஏற்பாடான டிமார்க். அதில் இந்த மடல் தவறிவிடுகிறது. சேலை கேட்டவர் உண்மையானவர், அவருடைய மடலோ போலியின் கோலத்தில் வந்து நிற்கிறது. அனுப்புநர் இடத்தில் கடையின் சொந்த டொமைன் முகவரியையும், 'ரிப்ளை டு' இடத்தில் வாடிக்கையாளரின் முகவரியையும் வைத்தால் போதும். பதில் அவருக்கே போகும்.

முத்திரை சரியாக இருந்தாலும், விலைக்கு வாங்கிய முகவரிப் பட்டியலுக்கு மடல் அனுப்புவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். நாளொன்றுக்கு 5,000-க்கு மேல் ஜிமெயில் முகவரிகளுக்கு அனுப்புவோர் இந்த மூன்று ஏற்பாடுகளையும் செய்திருக்க வேண்டும் என்று 2024 பிப்ரவரி முதல் கூகுள் கேட்கிறது. ஸ்பேம் புகார் 0.3 சதவீதத்தைத் தொடக்கூடாது என்றும் சொல்கிறது. கேட்காதவருக்கு அனுப்பினால் ஆயிரத்தில் மூன்று பேர் புகார் செய்ய நெடுநேரம் ஆகாது. அதன்பின் விலை கேட்டவருக்கு எழுதும் பதிலும் ஸ்பேமுக்கே போகக்கூடும்.

திருத்திய பின் கடை முகவரியிலிருந்து உங்கள் சொந்த ஜிமெயிலுக்கு ஒரு மடல் அனுப்பி, மேலே உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி, 'ஷோ ஒரிஜினல்' என்பதைத் திறந்து பாருங்கள். எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க் மூன்றுக்கும் நேரே 'பாஸ்' என்று இருக்க வேண்டும். அடுத்து, படிவத்தையும் நீங்களே ஒருமுறை நிரப்பி, வந்து சேரும் மடலை அதேபோல் பாருங்கள்.