வேலை இடத்துல குடி, போதை: அவேர்னஸ் கிளாஸ்ல சொல்லாம விடுற விஷயங்கள்

ஜூன் 26 போதை ஒழிப்பு நாள் வந்தா நிறைய கம்பெனில கேன்டீன் ஹால்ல ப்ரொஜெக்டர் வச்சு ஒரு அவேர்னஸ் கிளாஸ் நடத்துவாங்க. கெட்டுப்போன ஈரல் போட்டோ ரெண்டு, குடும்பம் அழுற மாதிரி ஒரு வீடியோ, எல்லாரும் எந்திரிச்சு கை நீட்டி உறுதிமொழி, அப்புறம் டீ சமோசா. வெளிய வர்றப்போ ஒரு ஷீட்ல கையெழுத்து வாங்குவாங்க பாருங்க, கம்பெனிக்கு முக்கியமே அந்த ஷீட்டுதான். நாளைக்கு உங்க மேல கேஸ் போட்டா என்கொயரில முதல்ல எடுத்து வைக்கிறது அதைத்தான், "இந்தத் தேதில உனக்கு ரூல் சொல்லிக் குடுத்தாச்சு, தெரியாதுன்னு சொல்ல முடியாது"ன்னு. ஆனா அந்த ஒரு மணி நேரத்துல ரூல் என்னன்னு யாரும் வாயத் திறந்திருக்க மாட்டாங்க. அதனால கையெழுத்து போடுறதுக்கு முன்னாடி கம்பெனியோட குடி-போதை ரூல் காப்பி ஒண்ணு தமிழ்ல குடுங்கன்னு கேளுங்க. குடுக்கலையா, கையெழுத்துக்குப் பக்கத்துல "ரூல் காப்பி தரப்படவில்லை"ன்னு எழுதிட்டு போடுங்க, யாரும் அடிக்க மாட்டாங்க.

சட்டம் பத்தி சுருக்கமா. பழைய தொழிலாளர் சட்டங்களை ஒண்ணு சேத்து எழுதின நாலு லேபர் கோடும் 2025 நவம்பர் 21ல இருந்து அமலுக்கு வந்தாச்சு. 300 பேரும் அதுக்கு மேலயும் வேலை பாக்குற இடத்துக்குத்தான் ஸ்டாண்டிங் ஆர்டர், அதாவது வேலை நிபந்தனை, ஒழுங்கு விதி எல்லாம் எழுதி வச்ச நிலையாணை, கட்டாயம். அதுக்குக் கம்மின்னா உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல என்ன போட்டிருக்கோ அதுதான் ரூல், அதை வீட்ல தேடி எடுத்து ஒரு தடவையாவது படிங்க.

இப்ப நிறைய பேர் மாட்டுறது எங்கன்னா, வேலை நேரத்துல குடிச்சு இல்ல, முந்தின நாள் ராத்திரி குடிச்சுத்தான். கணக்கு போட்டுப் பாருங்க. ஒரு குவார்ட்டர் 180 மில்லி, ஆல்கஹால் 42.8 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட 60 கிராம் சுத்தமான ஆல்கஹால். உடம்பு ஒரு மணி நேரத்துக்கு சுமாரா 7ல இருந்து 10 கிராம்தான் எரிக்கும். ராத்திரி 11 மணிக்கு முடிச்ச ஆளுக்கு காலைல 6 மணி ஷிப்ட்ல கேட்ல மூச்சுல ஆல்கஹால் பாக்குற மெஷின்ல ஊதச் சொன்னா அது காட்டிக் குடுக்க நல்லாவே வாய்ப்பு இருக்கு. மோர், எலுமிச்சை, கறுப்பு காபி, தலைக்குக் குளியல் எதுவும் இதை ஒரு நிமிஷம்கூட சீக்கிரமாக்காது. இன்னொண்ணு, ரோட்ல போலீஸ் பிடிச்சா 100 மில்லி ரத்தத்துல 30 மில்லிகிராம் தாண்டினாத்தான் குத்தம், அந்தக் கணக்க கம்பெனி கேட்ல பேசாதீங்க, கம்பெனி ரூல் சைபர்னு இருந்தா சைபர்தான்.

சரி, குடிக்காமலே மெஷின் காட்டினா? காட்டும். 2025 ஜூலைல கேரளாவுல பந்தளம் அரசு பஸ் டிப்போல டிரைவர்கள் டெஸ்ட்ல மாட்டினாங்க, கடைசில பாத்தா அவங்க சாப்பிட்ட பலாப்பழம்தான் காரணம். மவுத்வாஷ், இருமல் டானிக், ஹோமியோபதி சொட்டு மருந்து எல்லாம் வாயில கொஞ்ச நேரம் நிக்கும். அதனால முதல் ரீடிங் வந்த உடனே பதறாம தண்ணி வாங்கி வாய் கொப்பளிச்சுட்டு 15 நிமிஷம் கழிச்சு இன்னொரு தடவை ஊதுறேன்னு சொல்லுங்க, ரெண்டு ரீடிங்கையும் நேரத்தோட எழுதச் சொல்லுங்க, மெஷினோட கேலிபரேஷன் (அளவு சரியான்னு சோதிச்ச) தேதி ஸ்டிக்கர போட்டோ எடுத்து வைங்க. போன் உள்ள விட மாட்டாங்கன்னா மெஷின் நம்பரையாவது ஒரு துண்டுப் பேப்பர்ல குறிச்சுக்கோங்க.

மெஷினே இல்லாம "வாடை வந்துச்சு, நடை தள்ளாடுச்சு"ன்னு செக்யூரிட்டி எழுதிக் குடுத்தே சஸ்பெண்ட் பண்ற இடமும் இருக்கு. வாடை, தள்ளாட்டம், உளறல், கண்ணு பாப்பா விரிஞ்சிருக்கு இதெல்லாம் மட்டும் வச்சு குடிச்சான்னு முடிவு பண்ண முடியாது, ரத்தமோ யூரினோ டெஸ்ட் பண்ணிருக்கணும்னு 1971லயே பச்சுபாய் கேஸ்ல சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு. ஆனா அது கிரிமினல் கேஸ். கம்பெனி என்கொயரில அவ்வளவு கறாரான ஆதாரம் தேவையில்ல, அதனால தீர்ப்பை நம்பி சும்மா இருக்காம அன்னைக்கே ரத்த டெஸ்ட்டுக்குப் போயிடுங்க. இங்கதான் அலைச்சல் ஆரம்பிக்கும். ஜி.ஹெச்.ல போனா டியூட்டி டாக்டர் போலீஸ் மெமோ கொண்டு வாங்கம்பாரு, ஸ்டேஷனுக்குப் போனா கம்பெனி கம்ப்ளெய்ன்ட் இல்லாம மெமோ எப்படிப்பா தர்றதும்பாங்க, அதுக்குள்ள நாலு மணி நேரம் போயிடும், ரத்தத்துல இருந்ததும் போயிடும், அப்புறம் டெஸ்ட் பண்ணி என்ன பிரயோஜனம். அங்க சண்டை போட்டு நிக்காதீங்க. ஜி.ஹெச்.ல ஒரு ஓ.பி. சீட்டு போட்டு, எத்தனை மணிக்கு வந்தீங்க, நிதானமா பேசுறீங்க நடக்குறீங்கன்னு டாக்டர எழுத மட்டும் கேளுங்க, அதுக்கு மெமோ வேண்டாம். அங்கிருந்து நேரா ஏதாவது ஒரு நல்ல பிரைவேட் லேப்ல ரத்த ஆல்கஹால் டெஸ்ட் குடுங்க, பில்லுல நேரம் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

அடுத்தது மன்னிப்புக் கடிதம், இதுல போன வேலைதான் ஜாஸ்தி. ஹெச்.ஆர். ரூம்ல உக்கார வச்சு தண்ணி குடுத்து ரொம்ப தன்மையா பேசுவாங்க, "தம்பி, இனிமே இப்படி நடக்காதுன்னு ரெண்டு வரி எழுதிக் குடுத்துட்டுப் போ, நான் மேனேஜர்கிட்ட பேசி முடிச்சுக்கறேன்". எனக்குத் தெரிஞ்ச ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஆபரேட்டர் பையன் அப்படித்தான் எழுதிக் குடுத்தான், அதுவும் அவங்க சொல்லச் சொல்ல எழுதினது, "பணியின்போது மது அருந்தியிருந்ததை ஒப்புக்கொள்கிறேன்"னு. அந்த வாரமே கம்பெனில இருந்து சார்ஜ் ஷீட், அதாவது குற்றச்சாட்டுக் கடிதம், வந்துச்சு, இணைப்பு ஒண்ணு அவன் எழுதின அதே லெட்டர். மெஷின் ரீடிங்னு ஒண்ணு இருந்துச்சான்னு யாரும் கேக்கவே இல்ல, தேவையே படல. எழுதித்தான் ஆகணும்னா "எனக்குக் கொஞ்சம் டைம் வேணும், எழுத்துல கேளுங்க எழுத்துல பதில் தர்றேன்" இவ்வளவுதான் எழுதணும். ராஜினாமா எழுதிக் குடுத்தா ரிக்கார்டு சுத்தமா இருக்கும்பாங்க, கம்பெனிக்கு சுத்தமா இருக்கும், உங்களுக்கு அதுக்கப்புறம் வேலையை விட்டுத் தூக்கிட்டாங்கன்னு எங்க போய் சொல்ல முடியும்?

சார்ஜ் ஷீட்ட வாங்க மாட்டேன்னு வீம்பு பண்ணாதீங்க. தபால்ல அனுப்பி, போர்டுல ஒட்டி, வாங்கினதாவே கணக்கு வச்சு நீங்க இல்லாமலே என்கொயரிய முடிச்சிடுவாங்க. வாங்குங்க, தேதி போட்டு வாங்குங்க, என்கொயரில கூட உக்கார சக தொழிலாளி ஒருத்தரைக் கேளுங்க, ஒவ்வொரு நாளும் நடந்ததோட காப்பி கேளுங்க. புரியாத இங்கிலீஷ் பேப்பர்ல கையெழுத்து போடாதீங்க.

சஸ்பென்ஷன்ல இருக்கும்போது சம்பளமே கிடையாதுன்னு நினைச்சு ஊருக்குப் போயிடுறவங்க நிறைய. பிழைப்பூதியம்னு ஒண்ணு உண்டு. தமிழ்நாட்டுல இதுக்குன்னே 1981ல ஒரு சட்டம் இருக்கு, முதல் 90 நாள் பாதி சம்பளம், அடுத்த 90 நாள் முக்கால், 180 நாள் தாண்டினா முழுசு. புது கோடும் என்கொயரிய 90 நாளுக்குள்ள முடிக்கச் சொல்லுது. இதுல பொறி என்னன்னா, நீங்க வாய்தா மேல வாய்தா வாங்கி இழுத்தா அந்த ஏத்தம் கிடைக்காது, அந்த நேரத்துல வேற வேலைக்குப் போயிட்டா பிழைப்பூதியமே போச்சு. ரெண்டு நாள் ஆட்டோ ஓட்டினத போட்டோ எடுத்து ஃபைல்ல வைக்கிற ஹெச்.ஆர். எல்லாம் இருக்காங்க.

கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு இந்த மரியாதை எதுவும் கிடையாது, "நாளைல இருந்து வர வேண்டாம்", அவ்வளவுதான், கேட்ல பஞ்ச் விழாது. அன்னைக்கே கான்ட்ராக்டருக்கும் மெயின் கம்பெனிக்கும் ஒரே லெட்டர், "இந்தத் தேதி வேலைக்கு வந்தேன், காரணம் சொல்லாமல் திருப்பி அனுப்பினீர்கள், வேலை செய்யத் தயாராக இருக்கிறேன்"னு ஸ்பீடு போஸ்ட்ல அனுப்புங்க. இல்லன்னா பத்து நாள் கழிச்சு ஆளு சொல்லாம நின்னுட்டான்னு எழுதிடுவாங்க.

விபத்து நடந்தா குடும்பத்துக்காரங்க கவனிக்க வேண்டியது ஏ.ஆர். காப்பி, அதாவது ஆஸ்பத்திரில எழுதுற விபத்துப் பதிவு. ஆஸ்பத்திரில அட்மிட் பண்றப்போ கூட வந்த சூப்பர்வைசர் என்ன சொல்றாரோ அதைத்தான் டாக்டர் எழுதுவாரு, "குடிச்சிருந்தான் சார்"னு ஒரு வார்த்தை சொல்லிட்டா அது கடைசி வரைக்கும் துரத்தும். இஎஸ்ஐ இல்லாத இடத்துல குடிபோதைதான் விபத்துக்கு நேரடிக் காரணம்னா நஷ்டஈடு தர வேண்டாம்னு சட்டத்துல இருக்கு, வாஸ்தவம்தான். ஆனா ஆள் இறந்துட்டாலோ நிரந்தரமா முழுசா முடங்கிட்டாலோ அந்த விலக்கு செல்லாது, முதலாளி குடுத்தே ஆகணும். இதை ஆஸ்பத்திரி வராண்டால யாரும் சொல்ல மாட்டாங்க, ஒரு கவர்ல கொஞ்சம் பணம் வச்சுக் குடுத்து கையெழுத்து வாங்கத்தான் வருவாங்க. மத்த காயத்துக்கும் "நேரடிக் காரணம்"ங்கிறதுதான் முக்கியம், மெஷின்ல பாதுகாப்பு மூடியை (கார்டு) கழட்டி வச்சிருந்தா கை போனதுக்குக் காரணம் குவார்ட்டரா, மூடி இல்லாததான்னு கேக்கலாம்ல. இஎஸ்ஐ உள்ளவங்க, கம்பெனி ஆக்ஸிடென்ட் ரிப்போர்ட் போட்டுச்சான்னு லோக்கல் ஆபீஸ்லயே நேர்ல போய்ப் பாருங்க.

கிராஜுவிட்டி (பணிக்கொடை). குடிச்சான்னு வேலையை விட்டுத் தூக்கினாலே கிராஜுவிட்டி கிடையாதுன்னு வாய்ல சொல்லி அனுப்பிடுவாங்க, அப்படி ரூல் இல்ல. சேதம் பண்ணிருந்தா அந்த சேதத்து அளவுக்குப் பிடிக்கலாம், அடிதடி, கலாட்டா, ஒழுக்கக்கேடான குத்தம்னு சொல்லி நீக்கினாத்தான் முழுசாவோ கொஞ்சமோ நிறுத்த முடியும். அதனாலதான் சார்ஜ் ஷீட்ல சும்மா குடிச்சான்னு மட்டும் இருக்காது, "தகாத வார்த்தை பேசி ரகளை செய்தார்"னு ஒரு வரி சொருகியிருப்பாங்க. பதில் எழுதுறப்போ அந்த வரிய தனியா எடுத்து மறுத்து எழுதுங்க, பாதிப் பேர் அதை விட்டுடுறாங்க.

உண்மையிலேயே பழக்கம் இருக்கு, விடணும்னு நினைக்கிறவங்களுக்கு: கிளாஸ்ல "இன்னைக்கே நிறுத்துங்க"ன்னு சொல்றத கேட்டு தினமும் குடிக்கிற ஆள் திடீர்னு நிறுத்தக் கூடாது. ரெண்டு மூணு நாளுக்குள்ள கை நடுங்கி, வேர்த்து, ஃபிட்ஸ் வந்து, ஆள் அடையாளம் தெரியாம உளற ஆரம்பிக்கலாம், உயிருக்கே ஆபத்து. டாக்டர் கண்ணு முன்னாடி மருந்தோடதான் நிறுத்தணும். 14446க்கோ 14416க்கோ போன் பண்ணா பக்கத்துல எங்க போறதுன்னு கேக்கலாம். கம்பெனி மெடிக்ளெய்ம நம்பிப் போகாதீங்க, மது, போதைப் பழக்கத்துக்கான வைத்தியம் நிறைய பாலிசில விலக்குப் பட்டியல்லயே இருக்கும், டிஸ்சார்ஜ் அன்னைக்குத்தான் தெரிய வரும். இஎஸ்ஐ இருந்தா அங்க போறது நல்லது, லீவு நாளுக்கு 70 சதவீத சம்பளம் வருஷத்துக்கு 91 நாள் வரைக்கும் உண்டு, ஆனா முந்தின ஆறு மாசக் கணக்குல 78 நாளுக்கு பணம் கட்டியிருக்கணும், சர்டிபிகேட் இஎஸ்ஐ டாக்டர்தான் தரணும். சொந்தக்காரங்க சொன்னாங்கன்னு வேற மாவட்டத்துல ஏதோ ஒரு சென்டர்ல போய்ப் படுத்துட்டு திரும்பி வந்து சர்டிபிகேட் கேட்டா கிடைக்காது. ரிஜிஸ்டர் ஆகாத சென்டர்ல அடிச்சுக் கட்டிப் போடுற கதையெல்லாம் நடக்குது, மனநல ஆணையத்துல பதிவு பண்ண சர்டிபிகேட்ட மாட்டி வச்சிருக்காங்களான்னு பாத்துட்டு உள்ள போங்க.

கஞ்சா, மாத்திரைப் பழக்கம்னா போலீஸ் பயத்துலயே வைத்தியத்துக்குப் போகாம இருக்காங்க. பழக்கத்துக்கு அடிமையாகி, உபயோகிச்சோ சட்டம் சொல்ற சின்ன அளவு வச்சிருந்தோ மாட்டினவங்க தானா முன்வந்து கவர்மென்ட் ஆஸ்பத்திரிலயோ அங்கீகாரம் உள்ள இடத்துலயோ வைத்தியம் எடுத்துக்கிட்டா கேஸ்ல இருந்து விலக்கு உண்டு, 1985 போதைப்பொருள் சட்டம் 64ஏ பிரிவு. பாதில ஓடி வந்துட்டா அந்த விலக்கும் போயிடும். வித்தவங்களுக்கு இது கிடையாது.

கடைசில வேலை போயே போச்சுன்னா லேபர் ஆபீஸ்ல சமரச அதிகாரிகிட்ட மனு. அங்க "அடுத்த வாரம் வாங்க", "மேனேஜ்மென்ட் வரலையே"ன்னு அலைய விடுறது சகஜம், அது பாட்டுக்கு நடக்கட்டும். மனு குடுத்த அன்னைக்கு உங்க காப்பில சீல் வாங்கிடுங்க, அந்தத் தேதில இருந்து 45 நாள் ஆச்சுன்னா அவங்க முடிக்கிற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், நீங்களே நேரா ட்ரிப்யூனல் (தொழில் தீர்ப்பாயம்) போகலாம். முன்னாடி இதுக்கு வேலை போன நாள்ல இருந்து 3 வருஷம் டைம் இருந்துச்சு, புது கோட்ல 2 வருஷம்தான், 3 வருஷம் இருக்குன்னு சொல்ற பழைய ஆளுங்க பேச்சை நம்பி உக்காந்துடாதீங்க. தண்டனை ஓவர்னு தோணுச்சுன்னா குறைக்கற அதிகாரம் அங்க உண்டு. உத்தரப் பிரதேசத்துல போலீஸ் படை லாரிய குடிச்சுட்டு ஓட்டி ஜீப்ல இடிச்ச டிரைவரோட டிஸ்மிஸையே 2022ல சுப்ரீம் கோர்ட் கட்டாய ஓய்வா மாத்துச்சு, அவரோட நீண்ட சர்வீஸையும் கணக்குல எடுத்து. அதனால மனுவுல எத்தனை வருஷ சர்வீஸ், முன்னாடி ஒரு மெமோகூட வாங்கலங்கறத மறக்காம எழுதுங்க, பழைய இன்கிரிமென்ட் லெட்டர், நல்ல வருகைக்குக் குடுத்த சர்டிபிகேட் இருந்தா ஜெராக்ஸ் வச்சு இணைங்க, ஒரிஜினல யார்கிட்டயும் குடுத்துட்டு வராதீங்க.