ஆக்கி: தானாக வெடித்தால்தான் உணவு

ஜமைக்காவின் தேசியப் பழம் ஆக்கி. உப்பிட்ட காட் மீனோடு சேர்த்துச் சமைத்தால் அதுவே அந்நாட்டின் தேசிய உணவு. அதே பழத்தைச் சில நாள் முன்னதாகப் பறித்துச் சமைத்தால் உயிருக்கே ஆபத்து. லண்டன், டொராண்டோ போன்ற நகரங்களில் கரீபியக் கடைகளை ஒட்டி வாழும் தமிழர்கள் இப்போது இதை வாங்கிச் சமைக்கத் தொடங்கியிருப்பதால், செய்முறைக்கு முன்பாக இந்தப் பழத்தின் குணத்தைத் தெரிந்துகொள்வது அவசியம்.

லிச்சி, பூந்திக்கொட்டை ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த மரம் இது. தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. காய் பச்சையாக இருந்து மஞ்சளாகி, பிறகு சிவக்கும். சிவந்ததுமே பழுத்துவிட்டது என்று நினைப்பதுதான் பலரும் செய்யும் தவறு. நிறம் போதாது. காய் மரத்தில் இருக்கும்போதே, யாரும் தொடாமல், அடிப்பக்கம் மூன்றாகப் பிளந்து விரிய வேண்டும். உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகளும், அவற்றைத் தாங்கி நிற்கும் வெண்மஞ்சள் சுளைகளும் தெளிவாகத் தெரிய வேண்டும்.

காரணம் ஹைப்போகிளைசின் ஏ என்ற நஞ்சு. பழுக்காத சுளையில் இது கிலோவுக்கு 1,000 மில்லிகிராமைத் தாண்டக்கூடும். காய் முற்றிப் பிளக்கும்போது சுளையில் இதன் அளவு வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அமெரிக்கா 1973-இல் ஆக்கி இறக்குமதிக்குத் தடை விதித்தது. 2000-இல் தடையை விலக்கியபோதும், கிலோவுக்கு 100 மில்லிகிராமுக்கு மேல் நஞ்சு இருக்கக்கூடாது என்பதில் உறுதியாக நின்றது. விதையோ எந்தப் பருவத்திலும் நஞ்சுள்ளதுதான். ஆகவே மூடிய காயைக் கத்தியாலோ விரலாலோ பிளக்காதீர்கள். காற்றில் உதிர்ந்ததையும், பிளந்து நாளாகி அழுகத் தொடங்கியதையும் எறிந்துவிடுங்கள்.

நாலு பேருக்குப் பத்துப் பன்னிரண்டு பழம் போதும். சுளையைப் பிரித்து விதையை நீக்குங்கள். சுளையின் மடிப்புக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் நரம்பு போன்ற ஒரு சவ்வு ஒளிந்திருக்கும். அதைக் கத்தி முனையால் மிச்சமில்லாமல் சுரண்டி எடுக்க வேண்டும். பொறுமை கேட்கும் வேலைதான், ஆனால் விட்டுவிடக்கூடாது. பிறகு சுளைகளைக் கழுவி, நிறைய உப்புத் தண்ணீரில் 20 முதல் 30 நிமிடம் வேகவைத்து, தண்ணீரை முழுவதும் வடித்துக் கொட்டுங்கள். நஞ்சு நீரில் கரையக்கூடியது, அதனால் அந்தத் தண்ணீர் குழம்புக்கோ ஆடு மாடுகளுக்கோ போகக்கூடாது. வேகவைத்தால் பழுக்காத சுளையும் சரியாகிவிடும் என்ற எண்ணமும் வேண்டாம். கொதிநீர் கொஞ்சம் நஞ்சைக் கரைத்து வெளியேற்றும், முழுவதையும் அல்ல.

கால் கிலோ உப்பு மீனை முந்தைய இரவே ஊறவைத்து, வேறு தண்ணீரில் வேகவைத்து, முள் நீக்கி உதிர்த்துக்கொள்ளுங்கள். வெங்காயம், தக்காளி, தைம் இலை, காரமான ஸ்காட்ச் பானெட் மிளகாய் ஆகியவற்றை எண்ணெயில் வதக்கி மீனைச் சேருங்கள். ஆக்கியைக் கடைசியில் போட்டு, மிளகுத்தூள் தூவி, ஓரிரு முறை மட்டும் புரட்டுங்கள். கிளறினால் கூழாகிவிடும்.

நஞ்சு உடலில் என்ன செய்கிறது? கொழுப்பை எரித்து ஆற்றல் எடுக்கும் வழியை அடைக்கிறது, ஈரல் புதிதாகச் சர்க்கரை உண்டாக்குவதும் தடைபடுகிறது. சேமிப்பில் இருந்த சர்க்கரை தீர்ந்ததும் ரத்தச் சர்க்கரை சட்டென்று சரிகிறது. கடும் வாந்தி, சோர்வு, பின்னர் வலிப்பு, நினைவிழப்பு என்று போகும். பெரும்பாலும் காய்ச்சல் இருக்காது. இடையில் சில மணி நேரம் வாந்தி நின்று, தேறிவிட்டது போலத் தோன்றலாம். அதை நம்பி வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

உடலில் சர்க்கரைச் சேமிப்பு குறைந்த, சரியாகச் சாப்பிடாத சிறு குழந்தைகளுக்கே ஆபத்து அதிகம். 1998-இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான புர்கினா ஃபாசோவில் 2 முதல் 6 வயதுக் குழந்தைகள் 29 பேர் பழுக்காத ஆக்கியால் இறந்தனர். பீகாரின் முசாஃபர்பூரில் இரவு உணவு இல்லாமல் லிச்சி தின்ற குழந்தைகளைத் தாக்கிய நோயிலும் இதே நஞ்சுக்குப் பங்கு இருப்பதை 2017-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நினைவு இருந்தால் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தபடியே மருத்துவமனைக்கு ஓடுங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஆக்கி சாப்பிட்டதை மருத்துவரிடம் முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள், உடனே ரத்தச் சர்க்கரையைப் பார்த்து நரம்பில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

மரம் வைக்க விரும்புவோருக்கு: பனி உறையாத வெப்பப் பகுதி, நீர் தேங்காத மண், மரத்துக்கு மரம் பத்து மீட்டர் இடைவெளி. விதை சீக்கிரம் முளைப்புத் திறனை இழக்கும், எடுத்தவுடன் ஊன்றுங்கள். ஒட்டுக்கன்று சீக்கிரம் காய்க்கும். குழந்தைகள் விளையாடும் முற்றத்தில் மட்டும் வேண்டாம். தொரட்டியால் கிளையை உலுக்கினால் மூடிய காய்களும் சேர்ந்து விழும். பிளந்தவற்றை மட்டும் பார்த்துப் பறித்து, விழுந்த பச்சைக் காய்களை அன்றே பொறுக்கிப் புதைத்துவிட வேண்டும்.

டின்னில் வருவது ஏற்கெனவே வெந்தது. முறையாக இறக்குமதியானதா என்று லேபிளைப் பாருங்கள். உப்பிய டின் வேண்டாம். நீரை வடித்துவிட்டு நேராக வாணலியில் கடைசியாகச் சேர்த்தால் போதும். திறந்த டின்னில் மிஞ்சியதை வேறு பாத்திரத்துக்கு மாற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, ஓரிரு நாளில் தீர்த்துவிடுங்கள்.