மரபணு வாயடைப்பு: சொல்லும் பொருளும்

புற்றுநோய் ஆய்வுச் செய்திகளில் 'ஜீன் சைலன்சிங்' என்ற தொடர் அடிக்கடி தலைகாட்டுகிறது. 'குறிப்பிட்ட மரபணுவை சைலன்ஸ் செய்ததும் கட்டி பரவுவது குறைந்தது' என்று எழுதியிருப்பார்கள். படிப்பவர்களில் பலர் மரபணுவை வெட்டி எடுத்துவிட்டார்கள் என்றே நினைத்துக்கொள்கிறார்கள். மரபணு இருந்த இடத்தில் அப்படியேதான் இருக்கிறது, அதன் எழுத்து ஒன்றுகூட மாறவில்லை. அது சொல்ல வந்த செய்தி மட்டும் போய்ச் சேரவில்லை. வெட்டி எடுப்பதற்கு மரபணு நீக்கம் என்று வேறு பெயர் உண்டு. நீக்கினால் திரும்பாது. வாயை அடைத்தால் பிறகு திறக்கலாம். நோயாளிக்கு மருந்தாகக் கொடுக்கும்போது இந்த வேறுபாடு மிகப் பெரியது.

'ஜீன்' என்ற சொல்லை 1909இல் டென்மார்க்கின் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோகான்சன் உருவாக்கினார். பிறப்பு, குலம் என்று பொருள்படும் கிரேக்க வேரிலிருந்து வந்தது. தமிழில் மரபணு என்கிறோம். இலங்கைப் பாடநூல்களில் பரம்பரையலகு. 'சைலன்ஸ்' லத்தீன் மொழியின் 'சிலேரே'யிலிருந்து வந்தது. பேசாதிருத்தல் என்பது அதன் பொருள்.

மரபணு எப்படிப் பேசுகிறது? டி.என்.ஏ.வில் இருக்கும் செய்தி தூது ஆர்.என்.ஏ.வாகப் படியெடுக்கப்படுகிறது. அந்தத் தூதைப் படித்துச் செல் புரதம் செய்கிறது. ஆகவே பேச்சை நிறுத்த இரண்டு இடங்கள் உண்டு. டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக் குறிகள் ஏறினால் படியெடுப்பே நடக்காது. படியெடுத்த பிறகு, தூதை வழியிலேயே வெட்டியும் போடலாம். இரண்டையும் சேர்த்தே இந்தச் சொல் குறிக்கிறது.

இரண்டாவது வழி பூச்செடியில் கண்ணில் பட்டது. 1990இல் பெட்டூனியாப் பூவின் ஊதா நிறத்தை மேலும் அடர்த்தியாக்க எண்ணி, நிறமிக்குரிய மரபணுவின் கூடுதல் பிரதியைச் செடிக்குள் செலுத்தினார்கள். பூத்தவற்றில் பல வெள்ளையாக இருந்தன, சில வெள்ளைத் திட்டுகளோடு வந்தன. புதிதாகப் போன மரபணு தானும் பேசவில்லை, செடியில் ஏற்கெனவே இருந்ததையும் பேச விடவில்லை. ஏன் என்பதற்கு அப்போது யாரிடமும் விடை இல்லை. விடை 1998இல் ஓர் உருளைப்புழுவிலிருந்து வந்தது. ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் அந்தப் புழுவுக்குள் ஆர்.என்.ஏ.வைச் செலுத்திப் பார்த்தார்கள். ஒற்றை இழையாகக் கொடுத்தபோது பெரிதாக எதுவும் நடக்கவில்லை. இரட்டை இழையாகக் கொடுத்ததும், அதற்குப் பொருந்திய தசை மரபணு அடங்கிப்போய்ப் புழு வெட்டி வெட்டி இழுத்தது. செல் ஒன்றுக்குச் சில மூலக்கூறுகளே போதுமானதாக இருந்தன. ஆர்.என்.ஏ. குறுக்கீடு என்று இதற்குப் பெயர் வைத்தார்கள். இருவருக்கும் 2006இல் மருத்துவ நோபல் கிடைத்தது.

செல்லுக்குள் நடப்பது இதுதான். நீண்ட இரட்டை இழையை டைசர் என்ற நொதி சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்குகிறது. துண்டின் ஓர் இழை ஆர்கோநாட் என்ற புரதத்தில் போய் அமர்ந்து, தனக்குப் பொருந்தும் தூதைத் தேடிப் பிடிக்கிறது. ஆர்கோநாட் அதை வெட்டுகிறது. மனிதச் செல்லுக்குள் நீண்ட இரட்டை இழை போனால், வைரஸ் நுழைந்துவிட்டதாக எண்ணிச் செல் கலவரப்படும். 21 எழுத்து நீளத் துண்டாகவே கொடுத்தால் அந்தக் கலவரம் இல்லாமல் காரியம் நடக்கும் என்று 2001இல் தோமஸ் டூஷலின் குழு காட்டியது. மருத்துவத்துக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

புற்றுநோயில் உயிரைப் பறிப்பது பெரும்பாலும் முதலில் தோன்றிய கட்டி அல்ல. அங்கிருந்து கிளம்பி நுரையீரலிலும் கல்லீரலிலும் எலும்பிலும் போய் அமரும் செல்களே பெரும்பாலும் ஆளைக் கொல்கின்றன. கருவில் செல்கள் இடம்பெயர உதவும் 'ட்விஸ்ட்' என்றொரு மரபணு உண்டு. பரவும் புற்றுச் செல்கள் அதை மறுபடி பேசவைத்துக்கொள்கின்றன. 2004இல் ராபர்ட் வைன்பெர்க்கின் ஆய்வகத்தில், எலியின் மார்பகப் புற்றுச் செல்களில் இதை வாயடைத்துப் பார்த்தார்கள். கட்டி எப்போதும்போல வளர்ந்தது. நுரையீரலுக்குப் பரவுவது மட்டும் வெகுவாகக் குறைந்தது. வளர்வதும் பரவுவதும் வெவ்வேறு மரபணுக்களின் வேலை என்பதை இவ்வளவு துலக்கமாகக் காட்டிய சோதனைகள் குறைவு என்பது என் கருத்து.

எலியிலிருந்து மனிதருக்கு வருவதில் பெரிய தடை, மருந்தைக் கட்டி வரை கொண்டுசேர்ப்பது. வெறும் ஆர்.என்.ஏ. துண்டு இரத்தத்தில் சிதைந்துவிடும், சிறுநீரகம் வடிகட்டி வெளியேற்றிவிடும். கொழுப்புத் துகள்களில் பொதிந்து அனுப்பினால் பெரும்பகுதி கல்லீரலில் போய்த் தேங்குகிறது. ஆர்.என்.ஏ. குறுக்கீட்டு மருந்துகளில் 2018இல் முதலாவதாக ஒப்புதல் பெற்ற பட்டிசிரான், கல்லீரலில் உண்டாகும் ஒரு புரதத்தைக் குறிவைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். 2010இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் கொண்டவர்களின் கட்டிகளுக்குள் பாலிமரால் ஆன மருந்துத் துகள்கள் சேர்ந்ததும், குறிவைத்த தூது வெட்டுப்பட்டதும் உறுதியாயின. ஆனால் இந்த முறையில் இயங்கும் புற்றுநோய் மருந்து எதற்கும் இன்னும் ஒப்புதல் கிடைக்கவில்லை.

இனி, தமிழில் என்ன சொல்வது? 'அமைதியாக்கம்' என்றால் சண்டையை நிறுத்தியதுபோலத் தொனிக்கிறது. 'முடக்கம்' மரபணுவே பழுதானதாக நினைக்கவைக்கும். 'ஒடுக்கம்' நல்ல சொல்தான், பலரும் எழுதுகிறார்கள். ஆனால் பாடநூல்களில் ஓங்கு பண்பு, ஒடுங்கு பண்பு என்ற இணை வேரூன்றிவிட்டது. மரபணு ஒடுக்கம் என்றதும் மாணவருக்கு ஒடுங்கு பண்பு நினைவுக்கு வந்து குழப்பும். பேசாதிருத்தலுக்குப் பழந்தமிழில் 'வாய்வாளாமை' என்ற அழகான சொல் உண்டு. ஆனால் அது ஒருவர் தானாகப் பேசாதிருப்பது. இங்கே நடப்பது பேச விடாமல் செய்வது, பிறவினை. ஆகவே நான் 'மரபணு வாயடைப்பு' என்றே எழுதுகிறேன். எல்லோருக்கும் புரியும், மரபணு இருந்த இடத்திலேயே இருக்கிறது என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. வாயடைத்த மரபணு, வாயடைப்பு ஆர்.என்.ஏ. என்று கிளைச்சொற்களும் தடையில்லாமல் வரும்.

இந்தச் சொல் ஆய்வகத்துக்கு மட்டும் உரியது அன்று. புற்றுநோயும் வாயடைக்கிறது. செல்களை ஒன்றோடொன்று பிணைத்து வைக்கும் ஈ-கேடரின் புரதத்துக்குரிய மரபணுமேல் பல புற்றுக்கட்டிகளில் மெத்தில் குறிகள் ஏறி, அது பேச்சற்றுப் போகிறது. பிணைப்பு தளர்ந்த செல்கள் கிளம்பிப் போக அது வழிசெய்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் மருந்து செய்யவேண்டியது வாயடைப்பு நீக்கம். மெத்தில் குறி ஏறுவதைத் தடுக்கும் அசாசைட்டிடின் என்ற மருந்து, எலும்பு மச்சை சார்ந்த ஒரு வகை இரத்த நோய்க்கு 2004இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்று, இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.