ஆயில் கூலர் புதுசுதான், ஹோஸ் எப்படி?

போன வருட சீசனில் ஒரு மத்தியானம், மேட்டுப்பாளையம்–குன்னூர் மலைப்பாதையில் இருக்கிற பர்லியாறிலிருந்து போன். டாக்ஸி ஓட்டும் தம்பி ஒருவர். "அண்ணா, ஆக்சிலேட்டர் மிதிச்சா இன்ஜின் கத்துதுங்க, வண்டி நகரமாட்டேங்குது. ஏழு பேரு உக்காந்திருக்காங்க."

குன்னூரில் என் ஷெட்டிலிருந்து பைக்கில் இறங்கிப் போனேன். வண்டிக்குப் பின்னால் வளைவு முழுக்கச் சிவப்பாக ஒரு கோடு. கியர் பாக்ஸ் ஆயில். பானெட்டைத் திறந்தால் கிரில்லுக்குப் பின்னால் அந்த ஆயிலைக் குளிரவைக்கிற புத்தம் புது கூலர் பளபளவென்று இருக்கிறது, ஒரு கீறல் கூட இல்லை. அதற்குப் போகிற ஹோஸ்தான் கழன்று தொங்குகிறது. கீழே சமவெளியில் ஏதோ ஒரு கடையில் பத்து நாள் முன்பு மாட்டியதாம். கையில் எடுத்துப் பிதுக்கிப் பார்த்தேன், ஊறிப்போன முறுக்கு மாதிரி நொளநொளவென்று இருந்தது. அது தண்ணீர் போகிற ஹோஸ். சூடான ஆயில் பட்டால் அந்த ரப்பர் உப்பி இளகிவிடும். கூலருக்குக் காசு கொடுத்தவர் ஹோஸில் மிச்சம் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

மலையில் கூலர் தேவையா என்றால், சில வண்டிகளுக்குத் தேவைதான். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வருவதற்குள் சுமார் 1,500 மீட்டர் ஏறுகிறோம். டார்க் கன்வெர்ட்டர் உள்ள ஆட்டோமேட்டிக்கில் இன்ஜினும் கியர் பாக்ஸும் நேராகப் பிணைந்திருக்காது, நடுவில் ஆயில்தான் தள்ளுகிறது. வேகம் குறைந்து ஏற்றமும் கூடினால் தள்ளுகிற பலத்தில் பெரும்பங்கு ஆயிலைக் கடைந்து சூடாக்குவதிலேயே போய்விடும். 80, 90 டிகிரியில் இருக்க வேண்டிய ஆயில் 120ஐத் தாண்டி நின்றால் கருக ஆரம்பிக்கும், சீல்கள் இறுகும். ஏறுவதைவிட, சீசன் நேரத்து வரிசையில் பிரேக்கை மிதிக்காமல் ஆக்சிலேட்டரிலேயே வண்டியைப் பிடித்து நிறுத்துகிறார்களே, அதுதான் கொல்கிறது. முன் வண்டிக்கு ஒரு பஸ் நீளம் இடம் விட்டு, பிரேக்கில் நின்று, அப்புறம் ஒரே மூச்சில் நகருங்கள். லோ கியரில் போட்டு ஏறுங்கள்.

ஏஎம்டி வண்டிக்காரர்களும் கூலர் கேட்டு வருகிறார்கள். அது மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்ச்சை மோட்டார் மிதிக்கிறது. கூலருக்கு அங்கே வேலையே இல்லை, டீ குடித்துவிட்டுப் போகச் சொல்லிவிடுவேன்.

மாட்டுவதென்றால் முதலில் இருக்கிற ஆயிலை எடுத்துப் பாருங்கள். கறுத்துக் கருகல் வாடை அடித்தால் உள்ளே பிளேட்டுகள் ஏற்கெனவே தேய்ந்திருக்கும், கூலர் அதற்கு மருந்தில்லை. ரோஸ் மில்க் மாதிரி இருந்தால் இன்னும் மோசம்: ரேடியேட்டருக்குள் இருக்கிற கம்பெனி கூலர் ஓட்டையாகி ஆயிலில் தண்ணீர் கலந்துவிட்டது. அந்த வண்டியை ஸ்டார்ட் செய்யவே கூடாது. வாரண்டி மிச்சமிருந்தால் சர்வீஸ் சென்டரில் கேட்காமல் கை வைக்காதீர்கள்.

புதுக் கூலர், கம்பெனி கூலருக்குப் பதிலாக அல்ல, அதற்கு அடுத்தபடியாக. ரேடியேட்டரிலிருந்து வெளியே வரும் ஆயில் புதுக் கூலருக்குள் போய், அங்கிருந்து கியர் பாக்ஸுக்குத் திரும்ப வேண்டும். ரேடியேட்டரை விட்டுவிட்டு நேராகக் கொடுக்கிறார்கள் சிலர். ஜனவரி விடியலில் ஊட்டிப் பக்கம் தலைகுந்தாவில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி கிடக்கும்போது ஆயில் கெட்டியாகித்தான் இருக்கும், அதைச் சீக்கிரம் சூடாக்கிக் கொடுப்பதும் அந்த ரேடியேட்டர் தண்ணீர்தான். ஊட்டிக்காரர்கள், ஆயில் கெட்டியாக இருக்கும்போது அதைச் சுற்றி அனுப்பிவிடும் பைபாஸ் வழி உள்ள பிளேட் வகைக் கூலரே வாங்குவது நல்லது.

கூலரை ஏசி கண்டென்சரின் துடுப்புகளுக்கு நடுவே பிளாஸ்டிக் டேக் செருகிக் கட்டுவது சுலபம், கால் மணி நேர வேலை. நம் ரோட்டுக் குலுக்கலில் அது அறுத்து அறுத்து ஏசி கேஸைக் காலி செய்துவிடும். பட்டை வளைத்து பிராக்கெட் செய்து பாடியில் போல்ட் போடுங்கள். கியர் பாக்ஸ் ஆயிலுக்கென்றே வரும் ஹோஸை வாங்குங்கள். இரும்புக் குழாயை அறுத்து ஹோஸ் மாட்டுவதாக இருந்தால் அறுத்த முனையில் உதடு எடுக்க வேண்டும், அதாவது விளிம்பைச் சற்றுப் புடைக்க வைக்க வேண்டும். மொட்டைக் குழாயில் எத்தனை கிளாம்ப் இறுக்கினாலும் சூடேறி அழுத்தம் வரும்போது வழுக்கிக்கொண்டு வந்துவிடும். பர்லியாறு வண்டியில் இரண்டு தப்பும் இருந்தது, அதோடு அந்தத் தம்பி ஆயில் ஒழுகியது தெரியாமல் கடைசி இரண்டு வளைவு மிதித்தே ஏற்றியிருக்கிறார். கிளட்ச் பிளேட்டெல்லாம் கரி. கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றிய செலவில் பத்துக் கூலர் வாங்கியிருக்கலாம்.

மாட்டியபின் கூலரும் ஹோஸும் குடித்த அளவு ஆயில் குறைந்திருக்கும். அதே ரக ஆயிலை, பெரும்பாலான வண்டிகளில் இன்ஜின் ஓடும்போது, சூடேறியபின் அளவு பார்த்து ஊற்ற வேண்டும். அப்புறம் நான் வண்டியைப் பர்லியாறு வரை இறக்கி ஏற்றி, ராத்திரி ஷெட்டிலேயே நிறுத்தி, அடியில் பழைய பேப்பரை விரித்துவிடுவேன். காலையில் அதில் ஒரு சிவப்புப் பொட்டு இருந்தாலும் சாவியைக் கொடுக்கமாட்டேன், ஓனர் எவ்வளவு அவசரப்பட்டாலும் சரி.