இறையாண்மை: ஒரே வேரில் கிளைத்த இரண்டு எதிரிகள்

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகிய காலத்தில் ஓயாமல் அடிபட்ட சொல் 'சாவரின்ட்டி'. அதைத் தமிழ்நாட்டில் இறையாண்மை என்கிறோம். இலங்கையில் இறைமை என்பார்கள்.

'மேல்' என்று பொருள்படும் 'சூப்பர்' என்ற லத்தீன் சொல்தான் இதற்கு வேர். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 1576இல் ழான் போதான் என்ற பிரெஞ்சுச் சட்ட அறிஞர் இதற்கு இலக்கணம் வகுத்தார்: ஒரு நாட்டில் தனக்கு மேல் எவரும் இல்லாத, நிலையான அதிகாரம்.

தமிழில் 'இறை' அரசனையும் குறிக்கும், அவனுக்குச் செலுத்தும் வரியையும் குறிக்கும். 'இறைவற்கு இறையொருங்கு நேர்வது நாடு' என்ற குறளில் (733) இரண்டும் அடுத்தடுத்து நிற்கின்றன. ஆள்பவனையும் வரியையும் ஒருசேரச் சுட்டும் இந்த வேர் எனக்கு லத்தீனைவிடப் பொருத்தமாகப் படுகிறது. லத்தீன் வேருக்கு நேரான தமிழ் 'மேலாண்மை'. அதை நிர்வாகத் துறையினர் எப்போதோ எடுத்துக்கொண்டுவிட்டார்கள்!

எதிர்ச்சொல்லாக நிற்கும் 'சுப்ராநேஷனல்' என்பதிலும் அதே 'மேல்'தான் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடியான ஐரோப்பிய நிலக்கரி, எஃகுச் சமூகத்தை உருவாக்கிய 1951ஆம் ஆண்டு பாரிஸ் உடன்படிக்கையிலேயே இந்தச் சொல் இடம்பெற்றது. இதைப் 'பன்னாட்டு' என்று எழுதினால் பொருள் கெட்டுவிடும். பன்னாட்டு அமைப்பில் நாடுகள் கூடிப் பேசி உடன்படுகின்றன. சுப்ராநேஷனல் அமைப்பிலோ, அது போடும் சட்டமே உறுப்பு நாட்டின் குடிமக்களை நேரடியாகக் கட்டுப்படுத்தும். 'நாடு கடந்த' என்பதும் வேறு பொருள். மீயொலி என்பதைப் போல 'மீநாட்டு' என்பதே சரி என்பேன்.

மிலான் நகரத்து ஃபிளாமினியோ கோஸ்டா, மின்துறையை அரசுடைமையாக்கியதை எதிர்த்து 1,925 லிரா மின் கட்டணத்தைக் கட்ட மறுத்தார். அந்தச் சில்லறை வழக்கில்தான், உறுப்பு நாட்டுச் சட்டத்தைவிட ஐரோப்பியச் சட்டமே மேல் என்று லக்சம்பர்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் 1964இல் அறிவித்தது.

பிரிட்டனுக்கு இது தொண்டையில் சிக்கிய முள். நாடாளுமன்றம் எந்தச் சட்டத்தையும் இயற்றலாம், நீக்கலாம், அதை ஒதுக்கிவைக்க எவருக்கும் உரிமையில்லை என்று அரசமைப்புச் சட்ட அறிஞர் டைசி 1885இல் எழுதியதே அங்கு வேதம். ஸ்பானியர்களுக்குச் சொந்தமான மீன்பிடிக் கப்பல்கள் பிரிட்டிஷ் கொடியுடன் மீன் பிடிப்பதைத் தடுக்க நாடாளுமன்றம் 1988இல் ஒரு சட்டம் இயற்றியது. 1990இல், அன்று நாட்டின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகளே ஐரோப்பியச் சட்டத்தை முன்னிட்டு அதன் அமலை நிறுத்திவைத்தார்கள். 1972இல் ஐரோப்பியச் சமூகத்தில் சேர்வதற்கான சட்டத்தை நிறைவேற்றியபோது நாடாளுமன்றம் தானாக முன்வந்து ஏற்ற வரம்பு இது என்றார் நீதிபதி பிரிட்ஜ்.

விலகல் உடன்பாட்டுக்காக 2020இல் இயற்றிய சட்டத்தின் 38ஆவது பிரிவு, பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இறையாண்மை உடையது என்று எழுதியே வைத்தது. அதே சட்டத்தின் 5ஆவது பிரிவு, அந்த உடன்பாட்டின் விதிகளுக்கு உள்நாட்டுச் சட்டங்கள் கட்டுப்படும் என்கிறது.