கச்சான் பொக்கானால் பொட்டாசைக் கூட்டாதீர்கள்

நிலாவெளி, குச்சவெளிப் பக்கம் கரையோர மணலில் கச்சான் செய்பவர்களிடம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது: "சேர், செடி நல்லாத்தான் நிண்டது. காய் எல்லாம் பொக்கு. பூக்கேக்க எம்.ஓ.பி. கூடப் போட்டும் சரிவரேல்ல."

எம்.ஓ.பி. என்பது பொட்டாசியம் தரும் பொட்டாசுப் பசளை. அதைக் கூடப் போட்டதுதான் பல காணிகளில் வினை.

பொட்டாசியத்தை வேர் எடுத்துச் செடிக்குக் கொடுத்துவிடும். கல்சியத்தின் கதை வேறு. வேர் எடுக்கும் கல்சியம் இலைக்குப் போகுமே தவிர, அங்கிருந்து காய்க்கு இறங்கி வராது. பூவுக்குப் பிறகு மண்ணுக்குள் இறங்கும் ஊசியும் அதன் நுனியில் திரளும் காயும் சுற்றியுள்ள மண்ணிலிருந்தே அதை உறிஞ்ச வேண்டும். காய் கிடப்பதோ மேல்மண்ணில், சில அங்குலத்துக்குள். அந்த நேரம் பார்த்து அங்கே எம்.ஓ.பி.யைத் தூவினால், பொட்டாசியம் போட்டிக்கு நின்று கல்சியத்தைக் காய்க்குள் விடாது. கோது பெரிதாக இருக்கும், உள்ளே ஒன்றுமிராது. சந்தேகமென்றால் தேறிய பருப்பொன்றை இரண்டாகப் பிளந்து முளைக்குருத்தைப் பாருங்கள். கறுத்திருந்தால் கல்சியம் போதவில்லை. அதை விதைக்கும் வைக்காதீர்கள்.

அதற்காகப் பொட்டாசே வேண்டாம் என்று சொல்லவில்லை. களியும் சேதனமும் குறைந்த மணல் பொட்டாசியத்தைப் பிடித்து வைக்காது, மாரி மழை கீழே கழுவிவிடும். அடி இலைகளின் ஓரம் மஞ்சளாகிக் கருகினால் பயிர் கேட்கிறது என்று அர்த்தம். ஆனால் கச்சான் வேர் ஆழமானது, கீழே போனதிலும் ஒரு பங்கைத் தேடி எடுக்கும். முன்பயிருக்குப் போட்ட மிச்சமே சில காணிகளில் போதும். மண்ணைப் பரிசோதிக்காமல் பக்கத்துக் காணிக்காரரின் அளவைக் கேட்டுப் போடுவது எனக்குப் பிடிக்காத பழக்கம்.

போடுவதென்றால் நிலம் பண்படுத்தும்போதே மண்ணோடு கலந்துவிடுங்கள், விதையில் முட்ட வேண்டாம். பூக்கத் தொடங்கும்போது செடியடியில் போட வேண்டியது கல்சியம் தரும் ஜிப்சம். சிறுபோகத்தில் காய் பிடிக்கும் நாட்களில் மேல்மண் காய்ந்தால் அந்த ஜிப்சமும் கரைந்து காய்க்குச் சேராது, தண்ணீர் விடுங்கள்.

2021 பசளைத் தட்டுப்பாட்டுக்குப் பிறகு சாம்பலை நம்புவோரும் உண்டு. விறகுச் சாம்பலில் பொட்டாசியம் இருக்கிறது. ஆலையிலிருந்து அள்ளிவரும் உமிச் சாம்பலில் பெரும்பாலும் சிலிக்காதான்.

இன்னொன்று, செடி எடுத்த பொட்டாசியத்தில் பெரும்பங்கு கொடியில்தான் இருக்கிறது. பிடுங்கிய கொடியை மாட்டுக்குப் போட்டால், எருவையாவது அதே காணிக்குக் கொண்டுவந்து சேருங்கள்.