பின்பால் மேசை: முதலில் சரிவு, பிறகு மற்றவை

பின்பால் என்பது சாய்ந்த பலகையில் எஃகுப் பந்தை உருட்டி ஆடும் விளையாட்டு இயந்திரம். அந்த மேசையில் பந்தை ஓயாமல் கீழே இழுப்பது புவியீர்ப்பு மட்டுமே. பந்தைத் திருப்பியடிக்கும் ஃபிளிப்பர் மட்டையும், பந்து பட்டதும் உதைத்துத் தள்ளும் பம்பரும் அவ்வப்போது குறுக்கே வருபவை. அதனால் புதிய இயந்திரத்தை வீட்டில் நிறுத்தும்போது ஆட்டப்பலகையின் சரிவைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

இயந்திரம் 110 கிலோ அளவுக்கு இருக்கும். தனி ஆளாகத் தூக்க முயலாதீர்கள். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு போல்ட். கால்களைப் பூட்டியதும், மடக்கி அனுப்பப்பட்ட பின்பெட்டியை (புள்ளிகள் தெரியும் மேற்பெட்டி) வயர்கள் நசுங்காமல் நிமிர்த்தி உடனே பூட்டுங்கள். பெயர்த்தகட்டில் 115 வோல்ட் என்று மட்டும் இருந்தால் 230 வோல்ட் பிளக்கில் நேராகச் செருகக் கூடாது.

இன்றைய பெரும்பாலான ஆட்டங்கள் 6.5 பாகைச் சரிவை நம்பி வடிவமைக்கப்பட்டவை. பந்து 27 மி.மீ. விட்டமும் 80 கிராம் எடையும் கொண்ட எஃகுக் குண்டு. உருளும் திண்மக் கோளம் ஈர்ப்பிலிருந்து பெறும் ஆற்றலில் ஏழில் இரண்டு பங்கு சுழலவே போய்விடும். கணக்குப் போட்டால் 6.5 பாகையில் முடுக்கம் ஒரு வினாடிக்கு வினாடி 0.8 மீட்டர். 7 பாகையில் அது ஏறக்குறைய 8 விழுக்காடு கூடிவிடும். பின்கால்களின் திருகுபாதத்தை ஒரு சென்டிமீட்டர் இறக்கினாலே கிட்டத்தட்ட அரைப் பாகை மாறுகிறது.

கண்ணாடியைக் கழற்றி, ரசமட்டத்தைப் பலகையின் மேலேயே வைத்துப் பாருங்கள். பெட்டியின் விளிம்பில் வைத்துப் பயனில்லை. பலகை உள்ளே தனித் தாங்கிகளில் அமர்ந்திருக்கிறது. இடவல மட்டத்தை ஃபிளிப்பர் அருகே ஒரு முறை, மேல்கோடியில் ஒரு முறை பார்க்க வேண்டும். இரண்டும் வேறுபட்டால் ஏதோ ஒரு கால் பாரம் தாங்காமல் நிற்கிறது, பெட்டி முறுக்கிக் கொண்டிருக்கிறது. கைபேசிச் செயலியில் அளப்பவர்கள் கைபேசியைத் தலைமாற்றி வைத்தும் அளந்து கொள்ளுங்கள். கேமரா மேடு அளவைக் கெடுக்கும். கம்பளத்தின் மேல் நிற்கும் இயந்திரம் சில நாளில் அமுங்கும், அப்போது மறுபடி பார்க்க வேண்டும்.

மட்டம் முடிந்த பிறகே டில்ட் ஊசல், அதாவது இயந்திரத்தை அளவுக்கு மீறி ஆட்டுவதைக் கண்டுபிடிக்கும் அமைப்பு. உலோக வளையத்தின் நடுவே தொங்கும் எடை வளையத்தைத் தொட்டால் மின்சுற்று மூடும்; எச்சரிக்கைகள் இருந்தால் அவை தீர்ந்ததும் ஆடும் பந்து பறிபோகும். சரிவை மாற்றினால் ஊசல் நடுவை விட்டு விலகுகிறது. இந்த வரிசையை மாற்றிச் செய்தால் வேலை இரட்டிப்பு. எடையை ஏற்றி இறக்கி, மெல்லத் தட்டினால் தொடாமலும் ஓங்கித் தள்ளினால் தொடும்படியும் இடைவெளியை வையுங்கள்.

பந்தை ஆட்டத்துக்குள் ஏவும் ஸ்பிரிங் கம்பியான பிளன்ஜரின் நுனி பந்தின் நடுவில் பட வேண்டும். சற்று விலகினாலும் பந்து ஓடுபாதையின் சுவரில் உரசி, ஒவ்வொரு முறையும் வேறு வேகத்தில் வெளியேறும். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்: 1976-இல் நியூயார்க் நகர மன்றத்தினர் முன் ரோஜர் ஷார்ப் பந்து எந்தப் பாதையில் இறங்கும் என்று முன்கூட்டியே சொல்லி பிளன்ஜரை விட்டுக் காட்டியதுதான், பின்பால் திறமையின் ஆட்டம் என்று ஏற்கவைத்து அங்கிருந்த தடையை நீக்க உதவியது.

ஃபிளிப்பர்தான் அதிகம் படுத்தும். பல பலகைகளில் அதன் அருகே சிறு துளை ஒன்று இருக்கும். அதில் பல்குச்சியைச் செருகி, ஓய்வுநிலையில் ஃபிளிப்பரின் ரப்பர் குச்சியைத் தொடுமாறு அடியிலுள்ள கவ்வியை இறுக்குங்கள். கவ்வியை மேலே நெருக்கி இறுக்கினால் ஃபிளிப்பர் பலகையில் உராய்ந்து தளரும்; விரலால் தூக்கினால் மயிரிழை ஆட்டம் தெரிய வேண்டும். அரைமணி ஆட்டத்துக்குப் பின் அடி வலுவிழந்தால், ஃபிளிப்பரை இயக்கும் கம்பிச்சுருளான காயிலின் சூடே பெரும்பாலும் காரணம். செம்புக் கம்பி 50 பாகை செல்சியஸ் சூடேறினால் அதன் மின்தடை ஏறக்குறைய 20 விழுக்காடு உயர்ந்து மின்னோட்டம் குறையும். இதற்காக அமைப்புப் பட்டியலில் காயில் வலுவை உடனே ஏற்றாதீர்கள், சூடு இன்னும் கூடும். இயந்திரத்தை அணைத்து, பிளக்கைக் கழற்றி, பலகையைத் தூக்கி காயிலின் உள்ளே ஓடும் தண்டை நிறுத்தும் காயில் தடுப்பின் திருகுகளைப் பாருங்கள். புதிய இயந்திரத்தில் தொடக்க ஆட்டங்களின் அதிர்விலேயே அவை தளர்வது வழக்கம்.

ஆடத் தொடங்குமுன் பலகைக்குக் கார்னோபா மெழுகு மெல்லிதாகப் பூசித் துடையுங்கள். சிலிக்கோன் கலந்த பாலிஷ் வேண்டாம். புதுப் பலகையில் விழும் சிறு குழிகள் இயல்பானவை, மேப்பிள் ஒட்டுப்பலகை எஃகுக்கு அப்படித்தான் இடம் கொடுக்கும். காந்தம் உள்ள ஆட்டங்களில் பந்துகள் காந்தமேறி, அவை சேரும் தொட்டியில் ஒன்றோடொன்று ஒட்டிக் கொண்டு வெளிவர மறுத்தால், புதிய பந்துகள் போடுவதே தீர்வு.